வணிகனில்லாப் பண்டம்: கட்டற்ற இயங்குதளம் பரவிய வரலாறு

விலைக்கு விற்கப்படும் பண்டம் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வணிகன் நிற்கின்றான். பண்டம் ஒன்று உண்டென்பதை ஊருக்கு அறிவிப்பவன் அவன். அதனைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து வாங்குவோன் கையிற் சேர்ப்பவன் அவன். வாங்குவோனுக்கு விளங்கும் மொழியில் அதன் பயனை எடுத்துரைப்பவன் அவன். வாங்கியபின் பழுது நேருமாயின் சென்று முறையிடுதற்கு உரியவனும் அவனே. இந்நான்கு கடன்களுக்கும் உரிய கூலி பண்டத்தின் விலைக்குள்ளேயே அடங்கியுள்ளது. ஆயின், விலையென்பதே இல்லாத பண்டம் ஒன்று தோன்றுமாயின், இக்கடன்களை ஆற்றுவார் யார்? கூலி பெறாது அவற்றை ஆற்றப் பலர் ஒருங்கு முன்வருவார்களா? முன்வரினும் அவர் முயற்சி நிலைபெறுமா?

இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குக் கட்டற்ற இயங்குதளத்தின் வரலாறு மிகவும் ஏற்றதாகும். கணினியின் பொறியுறுப்புக்களை ஏவி நடத்தி, ஏனைய மென்பொருள்கள் யாவும் தொழிற்படுதற்கு நிலைக்களமாய் அமைவது இயங்குதளம். அஃதின்றிக் கணினி வெறும் உலோகமும் கண்ணாடியுமே. இத்துணை இன்றியமையாத ஒன்றை எவரும் விலையின்றிப் பெறலாம், பிரதிசெய்து பிறர்க்கு வழங்கலாம் என்னும் நிலை ஏற்பட்டு முப்பதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவ்வாறிருந்தும் மேசைக்கணினிகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் விலைக்குரிய இயங்குதளமே இன்றும் இடம்பெற்றுள்ளது. விலையின்மை ஒன்றே ஒரு பண்டத்தைப் பரப்பிவிடும் என்னும் எண்ணம் தவறென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. அது பரவிய இடங்களிற் பரவியமைக்கும், பரவாதொழிந்த இடங்களில் ஒழிந்தமைக்கும் காரணங்கள் உள. அவற்றை ஆராய்வது தீவகத்தின் சிற்றூராகிய மண்டைதீவு போன்ற இடங்களுக்கும் பயன்தருவதாகும்.

தோற்றமும் பெயரும்

அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்பக் கல்விநிலையத்திற் பணியாற்றிய றிச்சாட் ஸ்ரோல்மன் என்பார், 1983ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், யாவர்க்கும் உரிமையுடையதாக 'குனு' என்னும் இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1985இல் அதன்பொருட்டுக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. 1989இல் அதன் பொது உரிமம் வெளிவந்தது. மென்பொருளை எந்நோக்கத்துக்கும் பயன்படுத்தல், அதன் மூலநிரலைக் கற்றுத் திருத்தல், பிரதிகளைப் பிறர்க்கு வழங்கல், திருத்திய வடிவத்தையும் அவ்வாறே வழங்கல் என்னும் நான்கு உரிமைகளும் இவ்வியக்கத்தின் அடிப்படைகளாம். 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் தோர்வால்ட்ஸ் தாம் பொழுதுபோக்காகத் தொடங்கிய இயங்குதளக் கரு ஒன்றைப் பற்றி அறிவித்தார். அதுவே லினக்ஸ் எனப் பெயர்பெற்றது. 1992இல் அவர் அதனை மேற்கூறிய பொது உரிமத்தின்கீழ் வெளியிடவே, குனுவின் கருவிகளும் லினக்ஸின் கருவும் ஒன்றுசேர்ந்து நிறைவான இயங்குதளமாயின.

இவ்வியக்கத்துக்கு முதல் இடையூறாய் அமைந்தது அதன் ஆங்கிலப் பெயரேயாகும். விடுதலையையும் விலையின்மையையும் அம்மொழியில் ஒரே சொல் குறிப்பதால், கேட்டோர் பலர் இஃது இனாமாகக் கிடைக்கும் பொருள் என்றே விளங்கிக்கொண்டனர். உண்மையில் ஸ்ரோல்மன் தம் எழுத்துத் தொகுப்பு மென்பொருளாகிய ஈமாக்ஸை நாடாவிற் பதிந்து 150 டொலருக்கு விற்றவர். விற்றல் அவர் கொள்கைக்கு மாறானதன்று. வாங்கியோனின் கையைக் கட்டுதலே மாறானது. இக்குழப்பத்தைத் தவிர்ப்பதற்கும், வணிக நிறுவனங்களின் அச்சத்தைப் போக்குவதற்கும் 1998ஆம் ஆண்டு பெப்ரவரியில் 'திறந்த மூலம்' என்னும் புதிய பெயர் வகுக்கப்பட்டது. சந்தைப்படுத்தல் நோக்கிப் பெயரையே மாற்றிய செயல் அது. அதனால் நிறுவனங்கள் பல அணுகிவந்தன என்பது உண்மை. எனினும் பயனைக் கூறும் அப்பெயர் உரிமையைக் கூறாது விட்டதென ஸ்ரோல்மன் அதனை ஏற்க மறுத்தார்.

தமிழுக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. சைவசித்தாந்தம் பயின்றோர்க்குக் கட்டும் வீடும் பழகிய சொற்கள். கட்டினின்று நீங்குதல் என்பது கைக்காசு மிஞ்சுதல் அன்று என விளக்கவேண்டிய தேவை தமிழ் மாணவனிடத்து இல்லை. ஆங்கிலேயர் பல்லாண்டு வாதிட்ட ஒன்றைத் தமிழ் ஒரு சொல்லால் தீர்த்துவிட்டது எனலாம்.

முதற் கடன்: அறிவித்தல்

1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் நாள் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 95 என்னும் இயங்குதளத்தை வெளியிட்டபோது, நியூயோர்க் நகரின் எம்பயர் ஸ்ரேற் மாளிகை அந்நிறுவனத்துக்குரிய வண்ணங்களில் ஒளியூட்டப்பட்டது. அத்தகைய ஆரவாரத்துக்கு எதிராக லினக்ஸ் கூட்டத்தாரிடம் இருந்தது யாது? 1996இல் லாரி யூவிங் என்பார் வரைந்து அளித்த பென்குயின் பறவையின் உருவம் ஒன்று. எவரும் எங்கும் ஒட்டிக்கொள்ளலாம் என்னும் உரிமையோடு வழங்கப்பட்டமையால், அப்பறவை சில ஆண்டுகளுள் உலகெங்கும் அறிமுகமாகிவிட்டது. பொருளைப் போலவே அதன் இலச்சினையும் கட்டற்றிருந்தமை அதன் வலிமையாயிற்று.

வெளிப்பகட்டை மட்டும் கடன்வாங்கினால் நேர்வது யாதென்பதை ஐ.பி.எம். நிறுவனத்தின் கதை காட்டும். லினக்ஸை ஆதரிக்க முன்வந்த அந்நிறுவனம் 2001இல் சான் பிரான்சிஸ்கோ, சிக்காகோ நகரங்களின் நடைபாதைகளில் அமைதிக் குறியையும் இதயக் குறியையும் பென்குயினையும் சாயத்தால் தீட்டுவித்தது. தன்னார்வ இளைஞர் செய்தது போன்ற தோற்றத்தை உண்டாக்குவதே நோக்கம். நகராட்சியினரோ அதனைச் சுவர்க்கிறுக்கல் எனக் கொண்டு தண்டப்பணம் விதித்தனர்.

இதற்கு மாறானது பயர்பொக்ஸ் உலாவியின் வரலாறு. அஃது இயங்குதளம் அன்றெனினும் அதே நெறியில் தோன்றிய மென்பொருளாம். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் பயனர்கள் தம்முள் பணம் திரட்டி, நியூயோர்க் டைம்ஸ் நாளிதழில் இரண்டு பக்க விளம்பரம் ஒன்றை வெளியிட்டனர். பணம் அளித்த ஏறத்தாழப் பதினாயிரம் பேரின் பெயர்களும் அதில் அச்சிடப்பெற்றன. விளம்பரத்தின் வாசகத்தினும் அப்பெயர்வரிசையே அதனைக் கண்டோரைக் கவர்ந்தது. விற்பவன் தன் பண்டத்தைப் புகழ்தல் உலகியல்பு. வாங்கியவர்கள் கைப்பொருள் செலவிட்டுப் புகழ்ந்தமை புதுமை.

தென்னகத்திலும் அறிவித்தற் கடனை ஆற்றியோர் உளர். சென்னையில் 1998 முதல் இயங்கிவரும் லினக்ஸ் பயனர் குழுவினர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையிற் கூடி, ஒருவர் கற்றதைப் பலர்க்கு உரைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். 2004இல் தொடங்கிய மென்பொருள் விடுதலை நாள் பல நாடுகளில் செப்டெம்பர் மாதந்தோறும் கொண்டாடப்பட்டு வந்தது. 2012இல் தொடங்கிய 'கணியம்' என்னும் மின்னிதழ், இயங்குதளத்தைத் தமிழிற் கற்பிக்கும் கட்டுரைகளை எவரும் மீள்வெளியிடலாம் என்னும் உரிமையோடு அளித்தது.

இலங்கையில் இம்முயற்சியின் மதிப்பை உணர்த்தியது கூட்டமோ இதழோ அன்று, பேரிடர் ஒன்றேயாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்தபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்வதற்கு ஆயத்தமான மென்பொருள் எதுவும் கையில் இருக்கவில்லை. இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வமாக ஒன்றுகூடிச் சில நாள்களுக்குள் 'சகானா' என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். அது பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப்பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கிற்று. தேவை வந்த நாளில் உதவிய பொருளுக்கு வேறு விளம்பரம் மிகையென்க.

இரண்டாம் கடன்: கொண்டுசேர்த்தல்

பண்ணைத் தாம்போதியிலிருந்து கிளைவழி அமைவதற்கு முன்னர் மண்டைதீவு மக்கள் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வள்ளங்களிலேயே வந்துசென்றனர். பட்டினத்துச் சந்தையில் ஒரு பண்டத்தின் விலை எதுவாயினும், தீவில் அதன் விலை ஓடக்கூலியையும் உட்கொண்டதே. கரையில் ஒரு பொருள் இனாமாக வழங்கப்படினும் தீவார்க்கு அது முழுதும் இனாமாகாது. கணினியுலகிலும் நிலைமை இஃதேயாம். இயங்குதளம் இணையத்தில் விலையின்றிக் கிடைத்தது. ஆயின் இணையமோ விலையின்றிக் கிடைக்கவில்லை. 700 மெகாபைற் கொள்ளும் இறுவட்டு ஒன்றை, விநாடிக்கு 56 கிலோபிற் வேகமுள்ள தொலைபேசி இணைப்பின் வழியே இறக்குவதாயின், தடங்கல் ஏதுமின்றி ஓடினாலும் இருபத்தெட்டு மணிநேரம் செல்லும். அத்தனை மணிநேரத்துக்கும் தொலைபேசிக் கட்டணம் செலுத்தல் வேண்டும். ஓடக்கூலி பண்டத்தின் விலையை விஞ்சிய கதை அது.

ஆகவே இறுவட்டே ஓடமாயிற்று. இந்தியாவில் பீ.சீ.குவெஸ்ட் என்னும் கணினி இதழ் 1996ஆம் ஆண்டு முதல் லினக்ஸ் இறுவட்டை இதழோடு இணைத்து வழங்கியமையால், இணையத்தைக் கண்டிராத ஊர்களுக்கும் அது சென்றது. 2004ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்த உபுண்டு இயங்குதளத்தின் புரவலர்கள் இன்னும் ஒருபடி மேற்சென்றனர். எந்நாட்டவராயினும் முகவரி எழுதி வேண்டினால், அஞ்சற் செலவும் பெறாது இறுவட்டுக்களை அனுப்பிவைத்தனர். ஒருவருக்கு ஒன்று என்னாது பலவாக அனுப்பியமை கூர்ந்த உபாயம். எஞ்சியவற்றைப் பெற்றவரே நண்பர்க்கு வழங்குவார் என அவர்கள் எண்ணினர், அவ்வாறே நிகழ்ந்தது. 2011இல் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. இலங்கையில் 2009இல் வெளிவந்த ஹந்தானை லினக்ஸ், இணைய வசதி குன்றிய பயனர்க்குதவும்பொருட்டுக் கல்விக்குரிய மென்பொருள்களை முன்கூட்டியே தன்னுள் அடக்கி வந்தது.

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவகமும் இவ்வோட்டத்தின் முதற்பகுதியை இழந்தன. லினக்ஸ் பிறந்து வளர்ந்த 1990களின் முற்பகுதியில் இங்கு மின்வழங்கல் இல்லை. எரிபொருளும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்த தலைமுறைக்குக் கணினி என்பது கேள்விப்பட்ட பொருளே. மண்டைதீவின் இழப்பு அதனினும் பெரிது. 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதப் போர் நடவடிக்கைகளின்போது அவ்வூர் மக்கள் தம் வீடுகளை விட்டு அகன்றனர். ஊர் பல்லாண்டு தன் மக்களின்றிக் கிடந்தது. 2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்ட பின்னரே கணினிகள் பெருமளவில் வடக்கே வரலாயின.

அவ்வாறு வந்த கணினிகளிற் பெரும்பாலானவை உரிமம் பெறாத விண்டோஸ் பிரதியுடனேயே வந்தன. இங்குதான் இவ்வரலாற்றின் முடிச்சு உள்ளது. கட்டற்ற இயங்குதளத்துக்கு இந்நாட்டில் எதிராளி விலையுயர்ந்த விண்டோஸ் அன்று. கடைத்தெருவிற் சில நூறு ரூபாவுக்குக் கிடைத்த அதன் களவுப்பிரதியே. மென்பொருள் வணிகர் கூட்டமைப்பின் கணிப்பின்படி 2011இல் இலங்கைக் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருள்களுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை உரிமம் இல்லாதவை. மேலைநாட்டுப் பரப்புரையாளர் 'விலையில்லை' என்று கூறியபோது அங்குள்ளோர் செவிசாய்த்தனர். இங்குள்ளோரோ 'இதற்கும் விலை கொடுக்கவில்லையே' என்றனர். இனாமுக்கு எதிராக இனாமை வைத்தால், பழகிய இனாமே வெல்லும். ஆதலின் இந்நாட்டில் விலையை முன்வைத்த பரப்புரை பயன்தரவில்லை. உரிமை, மொழி, துணை என்பவற்றை முன்வைத்தலே வழியாயிற்று.

மூன்றாம் கடன்: மொழிப்படுத்தல்

விலைக்குரிய இயங்குதளத்தைத் தமிழில் ஆக்குவதா வேண்டாமா என்பதை அதன் உரிமையாளரே முடிவுசெய்வர். கட்டற்றதைத் தமிழாக்க எவர் ஒப்புதலும் வேண்டியதில்லை. இவ்வுண்மையை முதலில் உணர்ந்தோர் பல நாடுகளிற் சிதறிவாழ்ந்த தமிழரே ஆவர். 2000ஆம் ஆண்டையொட்டி அவர்கள் மின்னஞ்சற் குழுக்கள் வாயிலாகக் கூடி, கே.டீ.ஈ. எனப்படும் லினக்ஸ் திரைமுகப்பைத் தமிழாக்கத் தொடங்கினர். சென்னையில் 'ழ' கணினித் திட்டத்தினரும் பின்னர் உபுண்டு தமிழ்க் குழுவினரும் அப்பணியைத் தொடர்ந்தனர். ஆயிரக்கணக்கான சிறுதொடர்களை ஒவ்வொன்றாகப் பெயர்க்கும் வேலை அது. புகழுக்கோ பொருளுக்கோ அதில் இடமில்லை.

அவ்வேலையில் எழுந்த சொல்லாராய்ச்சிகள் பயனுடையவை. தமிழகத்தார் 'குறுவட்டு' என்றதை ஈழத்தார் 'இறுவட்டு' என்றனர். 'கணினி', 'கணனி' என இருவகை வழக்குக்கள் நின்றன. 'கோப்பு' என்னும் சொல் அரசாங்கக் கந்தோர்களிலிருந்து கணினிக்குள் புகுந்தது. 'சாளரம்', 'அடைவு', 'கடவுச்சொல்' என்பன நிலைபெற்றன. இவ்விவாதங்கள் காலத்தை வீணாக்கின என்று கருதுவோரும் உளர். ஆயின் ஒரு சொல்லுக்காக வாதிட்டவன் அச்சொல் அமைந்த பொருளைக் கைவிடுவதில்லை. தன் கையால் ஒரு தொடரைப் பெயர்த்த மாணவன் அவ்வியங்குதளத்தின் பயனர்களுள் ஒருவன் என்னும் நிலை கடந்து, அதன் உடைமையாளருள் ஒருவனாகின்றான். மொழிபெயர்ப்பு இங்ஙனம் பரப்பும் உபாயமாகவும் தொழிற்பட்டது.

எழுத்துக் குறியீட்டின் வரலாறும் இதனோடு தொடர்புடையது. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி எழுத்துருவிற் பல்லாண்டு தட்டெழுதப்பட்ட ஆவணங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகவே தோன்றும். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைப் பொதுவான குறியீட்டில் இணையத்திலேற்றி வழிகாட்டியது. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த யுனிக்கோடு நாளடைவில் யாவர்க்கும் பொதுவாயிற்று. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் காத்து வைப்பதற்குக் கட்டற்ற மென்பொருளையே அடித்தளமாகக் கொண்டது. 1981இல் நூலகத்தை எரிகொடுத்த சமூகம், தன் ஏடுகள் பிறர் பூட்டுக்குள் அகப்படாதிருத்தலின் அருமையை அறியும்.

நான்காம் கடன்: உடனிருத்தல்

மேற்கூறிய மூன்று கடன்களும் ஆற்றப்பட்ட இடங்களிற் கூட இயங்குதளம் நிலைத்ததும் உண்டு, அகன்றதும் உண்டு. வேறுபாட்டை விளைத்தது நான்காவது கடனேயாகும். இதற்கு மூன்று வரலாறுகளை ஒப்பிட்டு நோக்கலாம்.

முதலாவது ஜேர்மனியின் மியூனிக் நகரம். 2003இல் அந்நகரவை விண்டோஸைக் கைவிட்டு லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஸ்ரீவ் பாமர் நேரிற் சென்று மேயரைக் கண்டும் அம்முடிவு மாறவில்லை. 2013 அளவில் ஏறத்தாழப் பதினையாயிரம் கணினிகள் மாற்றப்பட்டன. ஆயினும் 2017இல் அதே நகரவை விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. ஆட்சித் தலைமை மாறியமையும், அலுவலரிடையே நிலவிய குறைகளும் காரணங்களாகக் கூறப்பட்டன. மேலிருந்து வந்த ஆணை மேலிருந்தே மீளப்பெறப்பட்டது.

இரண்டாவது தமிழ்நாடு. அங்கு எல்கொட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் நிருவாகியாயிருந்த காலத்தில், 2006 தொடக்கம் அரசு அலுவலகங்களில் லினக்ஸைப் புகுத்த முயன்றது. 2007இல் சென்னை சீடாக் நிலையம் பாஸ் என்னும் இந்திய இயங்குதளத்தை வெளியிட்டது. 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற திட்டத்தின்கீழ் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. இலட்சக்கணக்கான இல்லங்களுக்குக் கட்டற்ற இயங்குதளம் ஒரே நாளிற் சென்றது போன்ற நிகழ்ச்சி அது. ஆயினும் இரண்டனுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் மாணவன் தன் ஆசிரியரும் அயலாரும் அறிந்ததையே திறப்பான் என்பது இயல்பு. கையிற் சேர்ந்த பொருளுக்குக் கற்பிப்பார் துணை அதே அளவிற் சேரவில்லை.

மூன்றாவது கேரளம். 2001இல் அங்குத் தொடங்கிய பாடசாலைத் தகவல்நுட்பத் திட்டமும் முதலில் விண்டோஸையே நாடியது. அதே ஆண்டில் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பு தொடங்கப்பட்டது. தன்னார்வலரும் ஆசிரியர் சங்கத்தினரும் வாதாடி அரசின் போக்கை மாற்றினர். பின்னர் நிகழ்ந்ததே சிறப்பு. ஆசிரியருள்ளிருந்தே பயிற்றுநர் தெரிவுசெய்யப்பட்டனர்; அவர்கள் ஏனைய ஆசிரியர்க்குக் கற்பித்தனர்; பாடநூல் கட்டற்ற மென்பொருளை அடியொற்றி எழுதப்பட்டது; பாடசாலைகளின் தேவைக்கேற்ப இயங்குதளமும் மலையாளத்திற் செப்பனிடப்பட்டது. 2008 அளவில் பத்தாம் வகுப்புத் தகவல்நுட்பத் தேர்வு கட்டற்ற இயங்குதளத்திலேயே நடைபெறலாயிற்று. 2017இல் அத்திட்டம் கைற் என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. பழுது நேர்ந்தால் மாணவன் கேட்டறிதற்கு அதே பாடசாலையில் ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதே கேரளத்தின் வெற்றிக்கு மூலகாரணம்.

மியூனிக்கில் ஆணை இருந்தது. தமிழ்நாட்டில் கொடை இருந்தது. கேரளத்தில் ஆசிரியர் இருந்தனர். ஆணை மாறக்கூடியது, கொடை மறக்கப்படக்கூடியது. கற்பிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பதற்கு ஈடு வேறில்லை.

மண்டைதீவுக்கு உரியது

இவ்வரலாறு தீவகத்துக்குத் தொலைவானதன்று. 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. பதிவுசெய்துகொள்ளும் தனிப்பயனர்க்கு ஓராண்டு நீட்டிப்பு மட்டும் அளிக்கப்பட்டது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, குறித்த பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை ஏற்பதில்லை. பொறியுறுப்பிற் பழுதேதும் இல்லாத கணினிகள், உரிமையாளரின் ஒரு முடிவினால் உலகெங்கும் கழிபொருளாகும் நிலை இதனால் எழுந்தது. கே.டீ.ஈ. கூட்டத்தாரும் பிறரும் 2025இல் இதற்கெதிராக ஓர் இயக்கம் தொடங்கினர். 'புதிய கணினி வாங்காதீர். பழையதில் லினக்ஸை நிறுவுக' என்பது அதன் சாரம். அவர்கள் வெறும் விளம்பரத்தோடு அமையவில்லை. எவ்வூரில் எவர் நேரில் உதவுவார் என்னும் பட்டியலைத் தொகுத்து, பழுதுபார்க்கும் நிலையங்களையும் தன்னார்வலரையும் அதிற் சேர்த்தனர். நாற்பதாண்டு அனுபவம் கற்பித்த பாடம் அப்பட்டியலில் உள்ளது.

தீவகப் பாடசாலைகளுக்குப் புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் கணினிகளை அனுப்பும் வழக்கம் பெரிது. அவற்றுட் பல ஏலவே பயன்பட்டவை. மேற்கூறிய நாளின் பின்னர் அக்கணினிகளின் ஆயுள் அவற்றுள் நிறுவப்படும் இயங்குதளத்தையே சார்ந்திருக்கும். கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினால் அவை மேலும் பல்லாண்டு உழைக்கும். ஆயின் நிறுவுவது ஒருநாள் வேலை. அதன்பின் வரும் ஐயங்களைத் தீர்ப்பது ஆண்டு முழுவதற்குமான வேலை. அச்சுப்பொறி இயங்க மறுக்கும் நாளும், பழகிய மென்பொருள் கிடைக்காத நாளும் வரவே செய்யும். அந்நாளில் அருகில் எவரும் இல்லையாயின் கணினி அலுமாரிக்குள் சென்றுவிடும்.

இத்தகைய கூட்டுமுயற்சி இம்மண்ணுக்குப் புதியதன்று. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, வேதனம் வாங்காது கற்பித்தலே நோக்கமாயிருந்தது. விலையில்லாக் கல்விக்கும் செலவுண்டு. அச்செலவைத் தாங்கியவற்றுள் ஒன்று பிடியரிசி. உலையிலிடும் அரிசியில் ஒருபிடியை நாளும் ஒதுக்கிவைத்த மனையாட்டியரின் கைகளால் சைவப் பாடசாலைகள் வளர்ந்தன. ஒரு பிடியால் ஒரு வீட்டுக்குக் குறையேதும் நேரவில்லை. ஊரின் பிடிகள் சேர்ந்து ஆசிரியரைத் தாங்கின. கோயில் மகோற்சவத்தில் ஒவ்வொரு நாட்டிருவிழாவும் ஓர் உபயகாரரின் பொறுப்பாதலும் அத்தகையதே. கட்டற்ற இயங்குதளக் கூட்டத்தார் உலகெங்கும் கையாண்டு கண்ட முறை இதனின் வேறன்று: ஒருவர் ஒருமணிநேரம் மொழிபெயர்க்கிறார், ஒருவர் ஒரு பழுதைத் திருத்துகிறார், ஒருவர் புதியவனுக்கு அருகிருந்து கற்பிக்கிறார்.

திருக்குறளில் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரம் ஊருணி நிறைதலைப் பேரறிவாளன் செல்வத்துக்கு உவமை ஆக்கும். நன்னீர்க் கிணற்றின் அருமையைத் தீவார் நன்கறிவர். ஊருணி எல்லார்க்கும் உரியதாயினும் தானே தூர்வாரிக்கொள்வதில்லை. புலம்பெயர்ந்தோர் அனுப்பும் கணினியோடு, அதனைப் பேணக் கற்ற இரண்டு மாணவரையும் ஓர் ஆசிரியரையும் ஊர் உருவாக்குமாயின், அக்கொடை முழுமைபெறும். மண்டைதீவை விட்டகன்று பல நாடுகளில் வாழ்வோரும் ஊரிலிருப்போரும் தத்தம் கோயில் மலர்களையும் பாடசாலை மலர்களையும் நினைவுக் குறிப்புக்களையும் கணினியிலேயே இனி எழுதுவர். அவற்றை ஐம்பதாண்டுகளின் பின் ஒரு பேரன் திறந்து வாசிக்கக்கூடுமா என்பது, அவை எவருடைய அனுமதியுமின்றித் திறக்கக்கூடிய வடிவில் உள்ளனவா என்பதையும், திறக்கத் தெரிந்தவர் ஊரில் உளரா என்பதையும் பொறுத்தது. முதலாவதைக் கட்டற்ற மென்பொருள் தந்துவிட்டது. இரண்டாவதை ஊரே தரல்வேண்டும்.